மாவு வியாபாரத்தைப் பெருசாக்கலாமா, சின்னவன் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் பொறுக்கலாமா?

ஈரோட்டு மாவுக்காரி:
வீட்டுலயே இட்லி மாவு அரைச்சுப் பக்கத்து மளிகைக் கடைகளுக்குப் போட்டுட்டு இருக்கேனுங்க. ரெண்டு லிட்டர் டேபிள் டாப்புல ஆரம்பிச்சது. இப்ப பத்து லிட்டர் கிரைண்டர், தினம் முப்பது கிலோ போகுது. ஒரு ஹோட்டல்காரரும் ரெண்டு அபார்ட்மென்ட்டும் கேக்கறாங்க. எல்லாம் சேர்ந்தா நூறு கிலோ. வீட்டுல அவ்வளவு அரைக்க முடியாது, தனியா ஷெட் பிடிக்கணும், முத்ராங்கற சின்னத் தொழில் கடன் திட்டத்துல கடன் வாங்கணும். பெரியவ அரசுப் பள்ளியில நாலாவது. சின்னவனுக்கு மூணு வயசு ஆகப்போகுது. நான் அரைக்கற நேரத்துல மாமியார் பாத்துக்கறாங்க. வீட்டுக்காரர் தறிப்பட்டறையில ஷிப்ட். "சின்னவன் ஒண்ணாவது போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறார். ஹோட்டல்காரர் அதுவரைக்கும் காத்திருப்பாரா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மெஸ் வீட்டுப் பையன்:
அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது. எங்கம்மா மெஸ் நடத்தினாங்க, கல்லாவுல அப்பா. நான் வீட்டுப்பாடம் எழுதினதெல்லாம் கல்லா மேசை மேல, பில் புக்கை ஒதுக்கி வெச்சுட்டு. காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து சொல்லிவிட்டாலும் மத்தியானக் கூட்டம் ஓய்ஞ்சாத்தான் வருவாங்க. அந்த உழைப்புலதான் படிச்சேன், மறுக்கல. ஆனா ராத்திரி அண்டா கழுவிட்டு அவங்க வந்து படுக்கறப்ப நான் தூங்கியிருப்பேன். காசு அப்புறமும் சம்பாதிக்கலாம்.

பவானி ஆத்தங்கரை:
சகோ, கல்லாவுல உட்கார்ந்திருந்த உங்க அப்பா ஏன் ஸ்கூலுக்கு வரல? ஹோட்டல் நடத்துற அப்பாக்களைப் பத்தி யாராவது இப்படி ஏங்கி எழுதி நான் படிச்சதில்ல. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2024ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88ம் வீட்டு வேலை செய்யற ஆம்பளைங்களோட சராசரிதான். கையே வைக்காதவங்க அந்தக் கணக்குலயே வரல.

மெஸ் வீட்டுப் பையன்:
அப்பா வந்திருக்கணும்தான். அதுக்காக அம்மா வராதது வலிக்கலன்னு ஆயிடுமா? சமத்துவம் பேசறது ஈஸி. இந்த அக்கா வீட்டுல நாளைக்கே ஷிப்ட் முடிஞ்சு வர்ற மனுஷன் சோறாக்கப் போறதில்ல. இருக்கிற நிலைமையை வெச்சுத்தான் யோசனை சொல்லணும்.

பவானி ஆத்தங்கரை:
இருக்கிற நிலைமை இப்படியே இருக்கணும்னு வசதிப்படறவங்கதான் எப்பவும் அதை எடுத்துச் சொல்வாங்க.

கணக்கு வாத்தியார்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கப்பா. ஏம்மா, கடைக்குக் கிலோ என்ன விலைக்குப் போடறே? முதலீடு என்ன? அதைச் சொல்லாம பாசத்தைப் பத்திப் பேசி என்ன பிரயோஜனம்?

ஈரோட்டு மாவுக்காரி:
கடைக்கு 38 ரூபாய்ங்க ஐயா. கடையில 48க்கு விக்கறாங்க. ஒரு கிலோ இட்லி அரிசி 48, அதுக்குக் கால் கிலோ உளுந்து 32. எனக்கு மூணு கிலோ மாவு காணும். கரண்ட், கவர், பெட்ரோல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 3 ரூபாய் வருது. சித்திரை வைகாசியில ஐஸ் தண்ணி ஊத்தித்தான் உளுந்து ஆட்டணும், இல்லேன்னா கிரைண்டர் சூட்டுலயே மாவு புளிக்க ஆரம்பிச்சுடும். கடைக்காரர் ஃப்ரிட்ஜை ராத்திரி அணைச்சுட்டா கவர் உப்பி வெடிக்கும், அந்த நஷ்டமும் என் தலையிலதான்.

கணக்கு வாத்தியார்:
அப்ப அடக்கம் 30, கிலோவுக்கு நிக்கறது 8. முப்பது கிலோவுக்கு 240. மாசம் 7,200. இப்ப நூறு கிலோவைப் பாப்போம். இதே விலைக்குப் போட்டா மாசம் 24,000. ஹோட்டல்காரர் 38 குடுப்பாரான்னே சந்தேகம், குடுக்கறார்னே வெச்சுக்குவோம். ஷெட் வாடகை 6,000. ரெண்டு லட்சம் கடன்னா முத்ராவுல கிஷோர் பிரிவு, அடமானம் கேக்க மாட்டாங்க, ஆனா மூணு வருஷத் தவணைன்னா மாசம் 6,500 பக்கம் கட்டணும். கூட ஒரு ஆள் இல்லாம நூறு கிலோ நடக்காது, அவங்களுக்கு 9,000. எல்லாம் போக 2,500 மிஞ்சும். மூணு மடங்குக்கு மேல வேலை, மூணுல ஒரு பங்கு வருமானம். புள்ளைக்காக நிறுத்தச் சொல்லல. கணக்கே உதைக்குது.

பவானி ஆத்தங்கரை:
இது உண்மையிலேயே கண்ணைத் திறக்குது. ஆனா ஐயா, 7,200ன்னு எழுதினீங்களே, அதுல இவங்க கூலி எங்கே?

கணக்கு வாத்தியார்:
அங்கேதான் வர்றேன். இவங்க கூலியும் இல்ல, புள்ளையைப் பாத்துக்கற மாமியார் கூலியும் இல்ல. வெளியில ஆள் வெச்சா மாசம் 4,000க்குக் குறைஞ்சு யாரும் வர மாட்டாங்க. அதைக் கழிச்சா லாபம் 3,200. லாபம்னு நாம சொல்றதுல பாதிக்கு மேல அந்தப் பெரியம்மாவோட முழங்கால் வலி.

ரிட்டயர்டு பாட்டி:
நான் மாமியார் கட்சி. மேலே இருக்கிறதெல்லாம் படிச்சேன். "மாமியார் பாத்துக்கறாங்க"ன்னு ஒரே வரியில போயிடுச்சு. மூணு வயசுப் பையனுக்குப் பின்னாடி மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்க, தெரியும். என் மகள் தையல் கடை வெச்சிருக்கா, ரெண்டு பேரப்பிள்ளையும் என்னோடதான் வளர்ந்துச்சு. பெருமைதான். ஆனா தங்கச்சி மகள் வளைகாப்புக்குக்கூட என்னால போக முடியல. "அம்மா, அன்னிக்கு டெலிவரி இருக்கு"ன்னா. அந்தத் தேதியை எங்கிட்ட யாரும் கேக்கல. எனக்குச் சம்பளம் வேண்டாம், ஞாயித்துக்கிழமை வேணும்.

மெஸ் வீட்டுப் பையன்:
பாட்டி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரு பொம்பளையோட தொழில் இன்னொரு பொம்பளையோட ஓய்வைத் தின்னுது.

பவானி ஆத்தங்கரை:
பாட்டி ஞாயித்துக்கிழமை கேட்டாங்க, தொழிலை மூடுன்னு சொல்லல. அவங்க வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

மில் சூப்பர்வைசர்:
பக்கத்து மில்லுல வேலைக்குப் போறவளுக்கு 26 வாரம் சம்பளத்தோட பேறுகால லீவு உண்டு. 1961 சட்டத்தை 2017ல திருத்தினாங்க, அதுக்கு முன்னாடி 12 வாரம்தான். 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைக் காப்பகமும் வெக்கணும். நடக்குதா இல்லையாங்கறது வேற பேச்சு, கேக்க ஒரு சட்டமாவது இருக்கு. சொந்தமா மாவு அரைக்கறவளுக்கு அவளே முதலாளி, லீவை யார்கிட்ட கேப்பா? அங்கன்வாடியில மூணு வயசுப் பையனைச் சேக்கலாமே, மத்தியானச் சாப்பாடும் ஆச்சு. அதை ஏன் யாரும் சொல்லல?

ஈரோட்டு மாவுக்காரி:
அங்கன்வாடிக்கு இந்த ஆடி கழிஞ்சு அனுப்பலாம்னு இருக்கேனுங்க. பெரியவளுக்குக் காலைச் சாப்பாடு ஸ்கூல்லயே ஆயிடுது. 2023 ஆகஸ்ட்டுல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் அந்தத் திட்டம் வந்த பிறகுதான் காலையில ஆறுல இருந்து எட்டு வரைக்கும் எனக்கு முழுசாக் கிடைச்சுது. கடைக்கு மாவு போடற நேரமே அதுதான். சின்னவனைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கிரைண்டர் ஓடறப்ப அரிசி மூட்டைக்குப் பக்கத்துல பாயைப் போட்டா நல்லாத் தூங்குவான். நிறுத்தினதும் எழுந்திருச்சுடுவான். மெஸ் வீட்டுத் தம்பி எழுதினதைப் படிச்சுட்டு அதையே நினைச்சுட்டு இருந்தேன். அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல.

பவானி ஆத்தங்கரை:
லிஜ்ஜத் அப்பளம் மாதிரி செய்யலாமே? 1959ல மும்பை கிர்காவ்ல ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடன்ல ஆரம்பிச்சது. மையத்துல மாவு பிசைவாங்க, காலையில வாங்கிட்டுப் போய் அவங்கவங்க வீட்டுல தேய்ச்சுக் காயவெச்சுக் கொண்டுவந்து குடுப்பாங்க. புள்ளையைப் பாத்துக்கிட்டே செய்யற வேலை.

ஈரோட்டு மாவுக்காரி:
அப்பளம் நமக்காகக் காத்திருக்குமுங்க, மாவு காத்திருக்காது. நாலு வீட்டுல அரைச்சா நாலு பதம் வரும். ஒருத்தர் உளுந்தைக் குறைச்சா மொத்தப் பேரும் என் கவர்மேலதான் கெடும்.

கணக்கு வாத்தியார்:
அதனாலதான் சொல்றேன், அளவைக் கூட்டாதே, வாங்கற ஆளை மாத்து. அந்த ரெண்டு அபார்ட்மென்ட்டுக்கு நேரடியா 45க்குக் குடு. கடை விலையை விட அவங்களுக்கு 3 ரூபாய் மிச்சம். அடக்கம் போக உனக்கு 15 நிக்கும். இருபது கிலோ அங்கே, பத்து கிலோ கடைக்குன்னா ஒரு நாளைக்கு 380, மாசம் 11,400. மாமியாருக்கு 4,000 எடுத்து வெச்சாலும் 7,400. ஷெட்டும் வேண்டாம், கடனும் வேண்டாம். ஹோட்டல்காரருக்கு ஒரு கும்பிடு.

மெஸ் வீட்டுப் பையன்:
வாத்தியாரே, கடைன்னா காலையில ஒரு நடையில போட்டுட்டு வந்துடலாம். அபார்ட்மென்ட்ன்னா சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழரை வரைக்கும் "மேடம் எனக்கு ஒரு கிலோ", "அக்கா நேத்து புளிச்சிருந்துச்சு"ன்னு வாட்ஸாப் அடிச்சுட்டே இருக்கும். லிப்ட்ல ஏறி வீடு வீடாக் குடுக்கணும். பெரியவ ஸ்கூல் விட்டு வர்ற நேரமும் அதேதான். நீங்க 4,200 ரூபாயைக் கூட்டிக் காட்டறீங்க. அந்த ரெண்டரை மணி நேரம் எந்தப் பத்தியில வருது?

பவானி ஆத்தங்கரை:
இது நியாயமான கேள்வி. அதுக்குத்தான் வீட்டுக்காரர் இருக்கார். ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழியில அவர் குடுத்துட்டு வரட்டும்.

ஈரோட்டு மாவுக்காரி:
இந்தக் கணக்கை எழுதி வீட்டுல காட்டினேனுங்க. மாமியார் 4,000ஐப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் "வாத்தியார் கெட்டிக்காரர்"ன்னாங்க, வேண்டாம்னு சொல்லல. பாட்டியம்மா சொன்ன ஞாயித்துக்கிழமையும் கேட்டுட்டாங்க. வீட்டுக்காரர் பகல் ஷிப்ட் வாரத்துல அபார்ட்மென்ட்டுக்குக் குடுத்துட்டு வர்றேங்கறார். நைட் ஷிப்ட் வாரத்துக்குத்தான் வழி தெரியல. அந்த வாரம் அபார்ட்மென்ட்டுக்கு மாவு இல்லைன்னு சொல்லிடலாமா?

கணக்கு வாத்தியார்:
வாரம் விட்டு வாரம் குடுத்தா ரெண்டாவது மாசம் எவனும் இருக்க மாட்டான். அசோசியேஷன்ல பேசி செக்யூரிட்டி ரூம்ல ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வை. முந்தின நாளே காசு வாங்கிடு. அவங்கவங்க வந்து எடுத்துக்கட்டும்.

மெஸ் வீட்டுப் பையன்:
கரண்ட் போனா?

ஈரோட்டு மாவுக்காரி:
பொங்கிடும். ஐஸ் பெட்டி என்ன விலைன்னு விசாரிக்கறேன் தம்பி.