தேங்காய் எண்ணெயை மாற்றினால் இன்சுலின் எதிர்ப்பு குறையுமா?

மார்த்தாண்டம்வாசி:
அம்மாவுக்கு வயது 52. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, எச்பிஏ1சி (3 மாதச் சராசரிச் சர்க்கரை) 6.0, டிரைகிளிசரைடு (இரத்தக் கொழுப்பு) 210, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 36. மாத்திரை எதுவும் இல்லை. சமையல் முழுக்கத் தேங்காய் எண்ணெய்தான். மதியம் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் துவரனும் (தேங்காய்த் துருவல் போட்ட பொரியல்), சாயங்காலம் பெரும்பாலும் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). பாமாயிலுக்கு மாறச் சொல்கிறார்கள் சிலர். தேங்காய் எண்ணெய் உடம்பில் தங்காமல் எரிந்துவிடும் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

குமரி உணவியல்:
பாமாயில் வேண்டவே வேண்டாம். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு. தசைச் செல்லுக்குள் அது மிஞ்சினால் செராமைடு, டையசில்கிளிசரால் என்ற கொழுப்புகளாகச் சேரும். இன்சுலினின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஏகேடி என்ற புரதத்தைச் செராமைடு முடக்கிவிடும். அப்போது இன்சுலின் இருந்தும், சர்க்கரையை உள்ளே எடுக்கும் குளூட்4 புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வராது. சர்க்கரை இரத்தத்திலேயே நிற்கும். இதுதான் இன்சுலின் எதிர்ப்பு.

"எரிந்துவிடும்" என்பது எம்சிடி எண்ணெய்க்குப் பொருந்தும் பேச்சு. அது 8, 10 கார்பன் கொண்ட நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்த எண்ணெய். தேங்காய் எண்ணெயில் பாதியளவு 12 கார்பன் லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு மற்ற கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகத்தான் போகிறது.

எந்த எண்ணெய் என்பதற்கு முன்னால் எவ்வளவு என்று பாருங்கள். 2001-ல் வெளிவந்த கான்வு என்ற பன்னாட்டு ஆய்வில் 162 பேர் 3 மாதம் கட்டுப்படுத்திய உணவு சாப்பிட்டார்கள். நிறைவுற்ற கொழுப்பு (தேங்காய் எண்ணெயிலும் இதுதான் அதிகம்) கூடியவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் 10 சதவீதம் குறைந்தது. ஒலீயிக் அமில வகைக் கொழுப்பு (கடலெண்ணெய், நல்லெண்ணெயில் உள்ளது) சாப்பிட்டவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் மொத்தக் கலோரியில் 37 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு போனவர்களிடம் இந்த வித்தியாசமே தெரியவில்லை.

4 பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் என்றால் ஆளுக்கு தினம் 25 மி.லி., 200 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. அரைப்புத் தேங்காயை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, பிசகுவது அங்கேதான். 100 கிராம் துருவலில் கொழுப்பே 33 கிராம் உண்டு. துருவலை ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள். 4 பேருக்கு 60 முதல் 70 கிராமில் நிறுத்துங்கள். துவரன் வைக்கும் நாளில் குழம்பைத் தேங்காய் இல்லாமல் புளி, மிளகாய், மல்லியில் வையுங்கள். தாளிக்க, வதக்கக் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். மாதம் 2 லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

வடசேரி:
தேங்காய் எண்ணெயை ஒரேயடியாகக் கழிக்கவும் வேண்டாம். கொச்சியில் 200 இதய நோயாளிகளை 2 ஆண்டு கவனித்தபோது தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்திக்கும் கொழுப்பு அளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) உள்ளிட்ட சிகிச்சையில் இருந்தவர்கள். மருந்து எடுக்காத உங்கள் அம்மாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) கட்டாயம் பாருங்கள்.

தக்கலை லேப்:
டிரைகிளிசரைடு 210, எச்டிஎல் 36 என்பதைப் பார்த்தால் எனக்கு எண்ணெயைவிட மரச்சீனி மேல்தான் சந்தேகம். வேகவைத்தது 300 கிராமில் ஏறக்குறைய 100 கிராம் மாவுச்சத்து. எண்ணெயைக் குறைத்துவிட்டு அந்தப் பசிக்குச் சோற்றைக் கூட்டினால் டிரைகிளிசரைடு இன்னும் ஏறும். கிழங்கைப் பாதியாக்கி, மீனையும் பயறையும் கூட்டுங்கள்.

அடுத்த முறை ஒரே இரத்தத்தில் வெறும் வயிற்று இன்சுலினும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுத்தால் வருவது ஹோமா-ஐஆர், இன்சுலின் எதிர்ப்பின் அளவு. சர்க்கரை 108, இன்சுலின் 15 என்று வந்தால் விடை 4. அது தெளிவான எதிர்ப்பு.

பரோட்டா, இறைச்சி போலக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் 2 மணி நேரச் சர்க்கரை அளவை மட்டும் நம்பாதீர்கள். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். 2 மணியில் நல்ல எண்ணாகத் தெரிந்தது 4 மணியில் ஏறியிருக்கும்.

மார்த்தாண்டம்வாசி:
நன்றி. சாளை (மத்தி மீன்) பொரிக்கலாமா?

குமரி உணவியல்:
குழம்பே நல்லது. பொரிக்கும்போது மீனின் ஒமேகா-3 கொஞ்சம் எண்ணெய்க்குப் போய், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறும். வாரம் 2, 3 நாள் சாளையோ அயிலையோ (கானாங்கெளுத்தி) சேர்த்தால் டிரைகிளிசரைடுக்கு உதவும். இன்சுலின் உணர்திறனுக்கு அதை மட்டும் நம்பவேண்டாம். பொரித்த எண்ணெயை மறுபடி சூடாக்காதீர்கள். எச்பிஏ1சியை 3 மாதம் கழித்துப் பார்த்தால் போதும், அதற்கு முன் பார்த்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் கலந்தே வரும்.