பூட்டிக் கிடக்கும் பொது வீட்டுக்குக் கேமரா: பதிவு யார் கையில் இருக்க வேண்டும்?

இரண்டாங்கட்டு என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பொது வீடு. எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்குப் பங்கு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் முகப்பு, வளவு என்கிற நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, ஒன்றிரண்டு கல்யாணம் என்று ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஆள் புழங்கினால் அதிகம். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். வாட்ச்மேன் காலையும் மாலையும் வந்து போவார்.

இப்போது நான்கு வைஃபை கேமரா இருக்கின்றன: முகப்பில் ஒன்று, வளவில் இரண்டு, பின்கட்டில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே ஆப், ஒரே கடவுச்சொல். அந்தக் கடவுச்சொல் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று யார் எப்போது பார்க்கிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆப்பில் உரிமையாளர் என்ற இடத்தில் மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியனின் மொபைல் எண் இருக்கிறது. வீடியோ கம்பெனியின் கிளவுடில் போய்ச் சேருகிறது. வளவில் கேமரா இருந்தால் படைப்புக்கு வந்து தங்க மாட்டோம் என்று ஆச்சிமார் சொல்கிறார்கள். அது முழுக்க நியாயம்.

கிளவுட் இல்லாமல், பதிவு வீட்டுக்குள்ளேயே இருந்து, வெளியூரில் இருப்பவர்களும் பார்க்கும்படி செய்ய முடியுமா? பழைய சுவரைக் குடையாமல் ஆகுமா?

---

வடக்குத்தெரு_ஒயரிங்:

அண்ணே, ஒயர், பெட்டியெல்லாம் அப்புறம். முதலில் அந்த எலக்ட்ரீஷியன் கணக்கைத் தீருங்கள். ரீசெட் பட்டனை அழுத்தினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பல பிராண்டுகளில் சாதனத்தின் சீரியல் எண் கம்பெனி சர்வரில் அவர் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். ரீசெட் செய்தாலும் "வேறொருவர் பெயரில் உள்ளது" என்றுதான் வரும். அவரே தன் ஆப்பில் சாதனத்தை நீக்க வேண்டும். பக்கத்தில் இருந்து பாருங்கள். பகிர்வை நிறுத்துவது வேறு, சாதனத்தை நீக்குவது வேறு. ஆள் கிடைக்காவிட்டால் பில்லையும், கேமராவின் அடியில் உள்ள சீரியல் ஸ்டிக்கர் படத்தையும் கம்பெனியின் சேவைப் பிரிவுக்கு அனுப்பி நீக்கச் சொல்லலாம்.

இனி ஒயர். இந்த வீடுகளுக்கு வைஃபை கேமரா சரிப்படாது. சுவர் அவ்வளவு கனம். முகப்பில் ரவுட்டர் இருந்தால் இரண்டாங்கட்டில் ஒரு புள்ளி சிக்னல் வரும், மழை நாளில் அதுவும் போகும். ஒவ்வொரு கேமராவுக்கும் கேட்6 என்ற நெட்வொர்க் ஒயர் ஒன்று இழுத்து, கரண்டும் டேட்டாவும் அதிலேயே போகும் பிஓஇ கேமரா போடுங்கள்.

ஒயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று பார்த்து வாங்க வேண்டும். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய சரக்கு கடையில் நிறைய ஓடுகிறது. உள்கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அது போட்டால் பகலில் கேமரா நன்றாக ஓடும். இரவு ஐஆர் விளக்கு (இருட்டில் படம் எடுக்க உதவும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்) எரிந்ததும் கூடுதல் கரண்ட் இழுக்கும், தூரத்தில் வோல்டேஜ் விழும், கேமரா தானே அணைந்து எழும். அணைந்து எழுந்துகொண்டே இருக்கும். கேமராவை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், கோளாறு ஒயரில் இருக்கும்.

பிஓஇக்கு 100 மீட்டர்தான் எல்லை. வாசலுக்கு வாசல் தெருவைத் தொடும் வீட்டில், ஒயர் வளைந்து நெளிந்து போனால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். பின்கட்டுக்கு மட்டும் ஃபைபர் இழுத்து, அங்கே ஒரு சின்ன பிஓஇ ஸ்விட்ச் (பல கேமரா ஒயர்களைச் சொருகும் பெட்டி) வையுங்கள். இதில் இன்னொரு லாபம், இடி. ஐப்பசி மழையில் வீட்டின் ஒரு பகுதியில் இறங்கும் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) செம்பு ஒயர் வழியாக மொத்தப் பெட்டியையும் எரித்துவிடும். ஃபைபரில் அது தாண்டாது.

சுவரைத் தொடவே வேண்டாம். இந்த வீடுகளின் வழவழச் சுண்ணாம்புப் பூச்சில் ஹேமர் டிரில் வைத்தால் துளை அளவுக்கு உடையாது, தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழும். அதே வழவழப்புக்கு ஒட்டுப்போட இன்றைக்குக் கொத்தனார் கிடைப்பது அரிது. உத்தரத்தின் மேல்பக்கம், மேல் சன்னல் கம்பி, ஓட்டுக்கு அடியில் ரீப்பர் சட்டம், இந்த வழியாகவே ஒயரைக் கொண்டுபோகலாம். கேமராவைச் சன்னல் கம்பியில் கிளாம்ப் போட்டு மாட்டலாம். தேக்குத் தூணில் ஆணி அடிக்க யாரையும் விடாதீர்கள்.

---

ஆயா_வீடு:

ஒயருக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வளவில் எதற்குக் கேமரா? பூட்டிய வீட்டுக்குள் திருடன் வர வேண்டுமானால் முன்வாசல், பின்வாசல், பக்கச் சந்து, மேல்தளக் கதவு, இந்த நான்கில் ஒன்றைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த நான்கையும் வெளிப்பக்கமிருந்து பார்த்தால் போதும். வளவு என்பது குளித்துவிட்டு வருகிற இடம், தலை உலர்த்துகிற இடம், பாய் போட்டுப் படுக்கிற இடம். அங்கே நடப்பதைக் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு பங்காளியின் மகன் போனில் பார்க்க முடியும் என்றால் அதற்குப் பெயர் காவல் இல்லை.

உள்ளே ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்று மற்றவர்கள் நின்றால், உள்கேமராக்களுக்குத் தனி பிஓஇ ஸ்விட்ச் வையுங்கள். அதன் பிளக் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும். வீட்டில் ஆள் தங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். ஆப்பில் நேர அட்டவணை போட்டு அணைப்பதை நம்ப வேண்டாம். அதை யார் வேண்டுமானாலும் தூரத்திலிருந்து மாற்றலாம். பிடுங்கிய ஒயரைச் சிங்கப்பூரிலிருந்து சொருக முடியாது.

மைக்கை எல்லாக் கேமராவிலும் அணையுங்கள். பதிவு அமைப்பில் "வீடியோவும் ஆடியோவும்" என்பதை "வீடியோ மட்டும்" என்று மாற்ற வேண்டும். முகப்புக் கேமரா எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தால் பிரைவசி மாஸ்க் போட்டு அந்தப் பகுதியைக் கறுப்பாக்குங்கள். மாஸ்க்கைப் பார்க்கும் ஆப்பில் போட்டால் திரையில்தான் மறையும். கேமராவின் அமைப்பிலேயே போட்டால்தான் பதிவிலும் மறையும்.

"பெரிய கம்பெனி, அவன் ஏன் நம் வீட்டைப் பார்க்கப் போகிறான்" என்று கேட்பவர்களுக்கு. அமேசானின் ரிங் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் போட்ட வழக்கில், ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்பதே முக்கியக் குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். யூஃபி நிறுவனம் பதிவு வீட்டை விட்டு வெளியே போகாது என்று விளம்பரம் செய்தது. முன்னோட்டப் படங்கள் கிளவுடுக்குப் போவது 2022 நவம்பரில் வெளிவந்தது. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தில் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படங்கள் வந்து நின்றன. இந்த மூன்றிலும் வீட்டுக்காரர் செய்த தவறு எதுவும் இல்லை.

சட்டத்தையும் பெரிதாக நம்பி உட்கார வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. பங்காளிகளுக்குள் யார் எதைப் பார்க்கலாம் என்பதை நீங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

---

மேலூரணி:

கிளவுடுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். பூட்டிய வீட்டில் திருட வருபவருக்கு அவசரம் இல்லை. இரவு முழுக்க நேரம் இருக்கிறது. பதிவுப் பெட்டியைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு போனால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. கதவு, தூண், பெல்ஜியம் கண்ணாடி என்று வீட்டையே கழற்றி விற்கும் சந்தை இருக்கிற ஊர் இது. வீட்டுக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் கிளவுட் வைத்திருக்கிறார்கள், அது முட்டாள்தனம் இல்லை.

---

நெட்டும்_நிலையும்:

மேலூரணி சொல்வது சரியான கவலை. தீர்வு இருக்கிறது, கொஞ்சம் வேலை.

பின்பக்கத்தில் பிஓஇ போர்ட் உள்ள என்விஆர், அதாவது கேமராப் பதிவுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். 8 சேனல் போதும். அந்த போர்ட்டுகளில் சொருகும் கேமராக்கள் என்விஆருக்குள் ஒரு தனி நெட்வொர்க்கில் உட்காரும். ரவுட்டருக்கு நேராகத் தெரியாது. என்விஆர் அமைப்பில் பி2பி (கம்பெனி சர்வர் வழியாக வெளியிலிருந்து பார்க்கும் வசதி) அல்லது கிளவுட் அணுகல் என்று இருப்பதை அணைக்கவும். ரவுட்டரில் யுபிஎன்பி (சாதனங்கள் தாமாகவே இணையத்துக்கு வழி திறக்கும் வசதி) அணைக்கவும். போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து பெட்டிக்கு நேராக வழி திறந்துவிடுவது, செய்யவே கூடாது. 2016இல் மிராய் என்ற நச்சு மென்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது இப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த, ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத பெட்டிகள் வழியாகத்தான்.

ஹார்டு டிஸ்க் கணக்கு எளிது. ஒரு கேமரா எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்குக்கு 86.4 ஜிபி. 4 டிபி டிஸ்க் சுமார் 46 நாள் தாங்கும். கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க் வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கான சாதா டிஸ்க் 24 மணி நேர எழுத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

பெட்டி முகப்பில், டிவி பக்கத்தில் வேண்டாம். உள்ளே பூட்டும் அறையில், காற்றோட்டம் உள்ள இரும்புக் கூண்டில் வையுங்கள். மேலூரணி கேட்ட வெளிநகலுக்கு: ஆள் நடமாட்டம் என்று கேமரா அடையாளம் கண்ட துண்டுகளை மட்டும், வீட்டிலேயே பூட்டி மறையாக்கிய பிறகு, சென்னையில் ஒரு பங்காளி வீட்டு டிஸ்க்குக்கு அனுப்பலாம். வெளி வாசல் கேமராக்களுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். ஒரு நாளைக்குச் சில நூறு எம்பிக்குள் முடியும்.

வெளியூரிலிருந்து பார்க்க விபிஎன், அதாவது இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை. ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் உங்களுக்குத் தனிப் பொது ஐபி இல்லை, சிஜிநாட்டுக்கு (ஒரே பொது ஐபியைப் பலர் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். அப்போது வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை வீட்டில் நேராக நிறுவினால் வெளியிலிருந்து எட்டாது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை அங்கே வேலை செய்யும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று வைத்து அதைச் சப்நெட் ரவுட்டராக்கி (விபிஎன்னையும் வீட்டு நெட்வொர்க்கையும் இணைக்கும் வாசல்), என்விஆரின் ஒரே ஐபியை மட்டும் /32 (அந்த ஒரு முகவரி மட்டும்) என்று திறந்துவிடுங்கள். வீட்டு நெட்வொர்க்கில் வேறெதுவும் யாருக்கும் தெரியாது.

பலர் தவறவிடுவது இது: டெயில்ஸ்கேலில் ஒரு சாதனத்தின் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ராஸ்பெர்ரி பையின் சாவிக்கு மட்டும் காலாவதியை அணைக்காவிட்டால் ஆறாம் மாதம் இணைப்பு செத்துவிடும். திரும்ப லாகின் செய்ய யாராவது ஊருக்கு வர வேண்டும். பையை எஸ்டி கார்டில் ஓட்டாமல் சின்ன எஸ்எஸ்டியில் ஓட்டுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் கார்டு கெட்டுவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். டெயில்ஸ்கேலுக்குள் நுழைய கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் போன்ற கணக்கு ஒன்று வேண்டும். வீடியோ அவர்கள் கண்ணில் படாது, முனைக்கு முனை பூட்டியே போகும். ஆனால் நுழைவுச் சாவி அவர்களிடம் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் டெயில்ஸ்கேலின் கட்டுப்பாட்டு சர்வருக்குப் பதிலாக ஹெட்ஸ்கேல் என்ற மென்பொருளைச் சொந்த சர்வரில் ஓட்டலாம், பராமரிக்க ஆள் இருந்தால்.

என்விஆரில் எட்டுப் புள்ளிக்கும் எட்டுப் பயனர் பெயர். நேரடிக் காட்சி எல்லோருக்கும். பழைய பதிவைத் திருப்பிப் பார்ப்பதும் நகல் எடுப்பதும் இரண்டு பேருக்கு மட்டும். யார் எப்போது நுழைந்தார் என்பது பெட்டியின் லாகில் இருக்கும்.

---

இரண்டாங்கட்டு:

ஆயா_வீடு சொன்னபடி வளவுக் கேமரா இரண்டையும் இன்றே கழற்றச் சொல்லிவிட்டேன். உள்ளே இனி எதுவும் வேண்டாம் என்று பேசி முடித்தாயிற்று. இரண்டு சந்தேகம். வாட்ச்மேன் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். அதற்கு என்ன செய்வது? திருட்டு நடந்தால் போலீஸ் இந்தப் பதிவை ஏற்குமா?

---

வடக்குத்தெரு_ஒயரிங்:

மெயினுக்கு முன்னாலிருந்து தனி எம்சிபி எடுத்து, தனிச் சர்க்யூட் போடுங்கள். இதை லைசென்ஸ் உள்ள ஆள்தான் செய்ய வேண்டும். என்விஆர், நான்கு கேமரா, ஃபைபர் பெட்டி, ராஸ்பெர்ரி பை எல்லாம் சேர்த்து 50 வாட் பக்கம் வரும். 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் 1800 வாட்மணி இருக்கும். பாதியை மட்டும் எடுத்து, இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்தால் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். கம்ப்யூட்டர் யுபிஎஸ் அரை மணி நேரத்தில் படுத்துவிடும்.

கேமரா மாட்டும்போது வழவழச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இரவில் ஐஆர் வெளிச்சம் அந்தப் பூச்சில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். ஒரு முழம் தள்ளி, கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஐஆருக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை ஆடும்போதெல்லாம் போனில் அலாரம் அடிக்கும். பத்து நாளில் எல்லோரும் அலாரத்தை அணைத்துவிடுவார்கள். அசைவு அலாரத்தை விட்டுவிட்டு ஆள் அடையாளம் காணும் வசதியை மட்டும் போடுங்கள். மாதம் ஒருமுறை வாட்ச்மேன் ஒட்டடைக் கம்பால் தட்டட்டும்.

புதுக் கேமரா வாங்கும்போது இதையும் பாருங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவிக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பெட்டியில் உள்ள ஆர் எண்ணை (பதிவு எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்தால் தயாரிப்பாளர் பெயர் வரும். பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

---

நெட்டும்_நிலையும்:

போலீஸ் கேள்விக்கு: 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கொடுக்க வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற எண், கோப்பு மாறினால் இதுவும் மாறும்) அதில் எழுத வேண்டும். நகல் எடுத்த உடனே எஸ்எச்ஏ256 என்ற முறையில் ஹாஷ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது வேறு கோப்பு, அதன் ஹாஷ் பொருந்தாது. சம்பவம் தெரிந்த நாளிலேயே நகல் எடுங்கள். டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேல் எழுதிக்கொண்டு போகும்.

கேமராக்களை இணையத்திலிருந்து பிரித்துவிட்டதால் அவற்றின் கடிகாரம் மெல்ல நழுவும். சில மாதத்தில் முன்வாசல் கேமரா ஒரு நேரம், பின்வாசல் கேமரா வேறு நேரம் காட்டும். என்விஆரையே அவற்றுக்கு நேரம் சொல்ல வையுங்கள், என்விஆருக்கு மட்டும் என்டிபி (இணையத்திலிருந்து சரியான நேரம் வாங்கும் வசதி) திறந்துவிடுங்கள். நேர மண்டலம் +5:30 என்று ஒருமுறை சரிபார்க்கவும். ஆலையிலிருந்து வரும்போது பல பெட்டிகள் +8இல் இருக்கும்.