புரோமிதியஸும் சாத்தானும் ஒரே கதைதான்

தீப்பந்தம்: கடவுளை மீறி மனுஷனுக்கு அறிவு கொடுத்தவன், அதனாலேயே தண்டனை வாங்கினவன். கிரேக்கத்தில் நெருப்பைத் திருடித் தந்த புரோமிதியஸ், பைபிளில் சாத்தான். பெயர்தான் வேறு.

ஏட்டுச்சுவடி: எங்கேயோ கேட்டதை அப்படியே இறக்கிவைக்காதீர்கள். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியடில் சண்டை நெருப்பில் ஆரம்பிக்கவில்லை, மாட்டுக்கறியில் ஆரம்பிக்கிறது. மெக்கோனே என்ற இடத்தில் தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் பங்கு பிரிக்கும்போது புரோமிதியஸ் நல்ல கறியை மாட்டின் இரைப்பைக்குள் ஒளித்தான். வெறும் எலும்பைக் கொழுப்பால் பளபளவென்று மூடி தேவர்களின் தலைவர் ஸியூஸ் முன்னால் வைத்தான். அந்தக் கோபத்தில்தான் ஸியூஸ் நெருப்பைத் தர மறுத்தார். திருட்டெல்லாம் அப்புறம். சாத்தான் யாருக்குக் கறி பங்கு போட்டான்?

தீப்பந்தம்: கறி சில்லறை விஷயம் சார். ஏதேனில் கனி, இங்கே நெருப்பு. கருவைப் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி: சில்லறையா? பலியில் எலும்பைத் தேவர்களுக்கு எரித்துவிட்டுக் கறியை மனிதர்கள் சாப்பிடும் வழக்கத்துக்கே ஹெசியட் சொல்லும் காரணம் அதுதான். கிரேக்க வீரன் அகிலீஸின் குதிகால் கதை ஹோமரின் இலியட் காவியத்தில் இல்லை என்று முன்பு நான் சொன்னபோதும் "கருவைப் பாருங்கள்" என்றுதான் நழுவினீர்கள்.

ஜெபமாலை: ஆதியாகமம் 3-இல் பாம்புதான் வருகிறது, சாத்தான் என்ற பேச்சே இல்லை. அந்தப் பழைய பாம்புதான் சாத்தான் என்பது வெளிப்படுத்தின விசேஷம் 12-இல். அதுவும் ஏவாளை வஞ்சித்தது, உதவவில்லை. வேதத்தைத் திறக்காமல் எழுத வந்துவிடுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி: அது இருக்கட்டும் ஐயா. கறிக்குப் பதில் வரட்டும்.

தீப்பந்தம்: கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் பெயரில் உள்ள புரோமிதியஸ் நாடகத்தில் மெக்கோனே எங்கே? அங்கே ஸியூஸ் மனித குலத்தையே அழிக்கப் பார்க்கிறார், இவன் ஒருவன்தான் குறுக்கே நிற்கிறான். 1820-இல் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியே புரோமிதியஸ், சாத்தான் இருவரையும் ஒப்பிட்டாயிற்று.

ஏட்டுச்சுவடி: ஒப்பிட்டு, சாத்தானுக்குள்ள பேராசையும் பொறாமையும் பழிவெறியும் புரோமிதியஸிடம் இல்லை என்றுதான் எழுதினார். பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் சொன்ன அதே ஈஸ்கிலஸ் நாடகத்தில், கொழுப்பில் சுற்றி எரிக்கும் பலிக்கலையை மனிதருக்குக் கற்றுக்கொடுத்ததாக அவனே பெருமை பேசுகிறான். ஸியூஸுக்கு முந்தைய தேவர்களான டைட்டன்களோடு நடந்த போரில் ஸியூஸ் பக்கம் நின்றவனும் அவன்தான். மறுபடி கேட்கிறேன், கறிக்கு என்ன பதில்?

தீப்பந்தம்: கறி, கறி, கறி! நாலு நூல் படித்த கர்வம். அடுத்தவன் வாயே திறக்கக் கூடாது உங்களுக்கு.

ஜெபமாலை: வேதத்தைக் "கதை" என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறீர்கள். முதலில் அதை மாற்றுங்கள்.

தீப்பந்தம்: தலைப்பு மாறாது.

ஏட்டுச்சுவடி: தலைப்பு எப்படியோ போகட்டும். இரைப்பைக்குள் இருந்த கறி?