பொறுப்புத் தலைமையாசிரியர் வகுப்பெடுக்கணுமா, வாசலில் நிற்கணுமா?

கணக்கு வாத்தியார் (திரியைத் தொடங்கியவர்)

சேரன்மகாதேவி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் மே மாதம் ஓய்வு பெற்றார், புது ஆள் வரவில்லை. மூத்த பட்டதாரி ஆசிரியர் என்ற ஒரே தகுதியில் சாவிக்கொத்து என் கைக்கு வந்துவிட்டது. வாரம் 28 பீரியட் கணக்கு அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, சத்துணவுக் கணக்கு, டி.சி., சைக்கிள் எத்தனை வந்தது என்று கேட்கும் போன்.

போன வாரம் பத்தாம் வகுப்பில் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தேன். பாதியில் ஆள் வந்துவிட்டார்: "சார், சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல ஒரு விவரம் உடனே வேணுமாம்." போர்டு காம்பஸை முன் பெஞ்ச் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. படத்தை அவனே முடித்து வைத்திருந்தான், தொடுகோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போயிற்று.

வகுப்புகளை விட்டுவிடலாமா? இன்னொன்று, நேற்றுவரை ஒரே தட்டில் பஜ்ஜி பங்கு போட்டவர்களிடம் "ஏன் சார் லேட்டு" என்று எப்படிக் கேட்பது?

பழைய மணி

நான் நாங்குநேரி, களக்காடு பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, வகுப்பை விடாதீங்க. சாக்பீஸைக் கீழே வைத்த தலைமையாசிரியரை ஸ்டாஃப் ரூம் குமாஸ்தாவாகத்தான் பார்க்கும். பத்தாம் வகுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எட்டே முக்காலுக்கு வாசலில் நில்லுங்கள். யாரிடமும் ஏன் லேட் என்று கேட்கவே வேண்டாம். நீங்கள் நிற்பதைப் பார்த்தாலே பத்தில் எட்டுப் பேர் அடுத்த வாரம் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். மிச்ச இரண்டு பேர் எவ்வளவு கேட்டாலும் வரமாட்டார்கள்.

வாசலில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்ம ஊரில் பையன் கையில் என்ன நிறத்தில் கயிறு இருக்கிறது, எந்த ஊர்ப் பையனோடு சேர்ந்து வருகிறான், யாரைக் கண்டால் ஒதுங்கி நடக்கிறான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கேட்டால் "கொடைக்குக் கோயில்ல கட்டினது சார்" என்பான். கோயில் கயிறு கொடைத் திருவிழா முடிந்து பத்து நாளில் வெளுத்துவிடும். மாதாமாதம் புதிதாக மாறுகிற கயிறு வேறு, அது சாதிக் கயிறு.

மானூர் டீச்சர்

//சாக்பீஸைக் கீழே வைத்த தலைமையாசிரியரை ஸ்டாஃப் ரூம் குமாஸ்தாவாகத்தான் பார்க்கும்//

ஐயா, இந்தப் பெருமையால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன்பு நான் இருந்த பள்ளியில் தலைமையாசிரியர் அருமையான கணக்கு ஆசிரியர். பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு, ஞாயிறு வகுப்பு, எல்லாம் அவரே. அவர் பாடத்தில் எல்லாரும் பாஸ். அதே வருஷம் ஆறாம் வகுப்புத் தமிழ் டீச்சர் மகப்பேறு விடுப்பில் போனார். அந்த வகுப்பை யார் எடுப்பது என்று முடிவு செய்யவே ஆறு வாரம். அதுவரை பிள்ளைகள் மரத்தடியில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள் ஆறாம் வகுப்பில்தான் இருந்தார்கள், பத்தில் அல்ல.

பத்தாம் வகுப்பைக் கையில் வைத்துக்கொள்வது ரிசல்ட் வரும்போது பெயர் வாங்கத்தான். பன்னிரண்டு ஆசிரியர்களும் பாடம் நடத்தும்படி பார்த்துக்கொள்வதுதான் தலைமையாசிரியர் வேலை. கணக்கு சார் எல்லா வகுப்பையும் விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

சங்கத்துக்காரன்

ரெண்டு பேரும் அவரைத் தலைமையாசிரியர் ஆக்கியே விட்டீர்கள்! அவர் பொறுப்புதான். அவர் பள்ளிச் சம்பளப் பில்லில் யார் கையெழுத்து என்று கேளுங்கள். பல இடங்களில் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பில் போட அதிகாரம் இல்லை, மெமோ கொடுத்தால் நிற்காது. சக ஆசிரியரைத் தட்டிக்கேட்டு விரோதம் சம்பாதிப்பார், ஆறு மாதம் கழித்துப் புது ஆள் வந்ததும் அதே ஸ்டாஃப் ரூமில் போய் உட்காருவார். பஜ்ஜி கிடைக்குமா? காலியிடத்தை நிரப்பு என்று மனு எழுதுங்கள், மற்றதெல்லாம் அரசாங்கத்தின் வேலை.

பொருநைக்கரை

//பில் போட அதிகாரம் இல்லை//

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் பள்ளிக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்போதும் பொறுப்புதான், ஒரு அறிவியல் டீச்சர். தண்ணீர் வடிந்த அன்றே வந்துவிட்டார்கள். பீரோவின் அடித்தட்டில் இருந்த சேர்க்கைப் பதிவேடு கொழகொழவென்று ஒட்டிக்கிடந்தது. இழுத்தால் கிழிந்துவிடும் என்று தாளுக்குத் தாள் தினத்தாளைச் செருகி, மேலே செங்கலை வைத்து, மாடி வராந்தாவில் காற்றில் உலர்த்தினார்கள். நேர் வெயிலில் வைத்தால் மை வெளுத்துத் தாள் சுருளும் என்று திட்டினார்கள். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. பழைய மாணவர்கள் டி.சி. நகல் கேட்டு வரும்போது இன்றைக்கும் அந்தப் பதிவேட்டைத்தான் திறக்கிறார்கள்.

(இனிமேலாவது பதிவேட்டை மேல்தட்டில் வையுங்கள். நம்ம ஆறு திரும்பவும் வரும்.)

சங்கத்துக்காரன்

நல்ல மனசு. ஆனால் நல்ல மனசுள்ள பத்துப் பேர் சமாளிப்பதால்தான் காலியிடம் காலியாகவே கிடக்கிறது.

முக்கூடல் அக்கா

நான் டீச்சர் இல்லை. பீடி சுத்துறவள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. சரி. கூட்டம் எப்போது வைக்கிறீர்கள்? மத்தியானம் மூணு மணிக்கு. அப்போது எங்கள் மடியில் சுளகு இருக்கும், சாயங்காலம் கடையில் பீடிக்கட்டை ஒப்படைக்காவிட்டால் அன்றைக்குக் கூலி போச்சு. கையெழுத்து நோட்டு மட்டும் வீட்டுக்கு வரும்.

சாரு வகுப்பெடுத்தால் எனக்கென்ன, எடுக்காவிட்டால் எனக்கென்ன? என் மகன் பதினொரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் ஒரு வேன்காரரோடு மூட்டை தூக்கப் போயிருக்கிறான். தினமும் பையைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினான். பன்னிரண்டாம் நாள்தான் போன் வந்தது.

மானூர் டீச்சர்

அக்கா சொன்னதை வைத்தே பழைய மணி ஐயாவிடம் கேட்கிறேன். வாசலில் நிற்பவருக்கு வந்தவன் தெரிவான். வராதவன் எப்படித் தெரிவான்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் அந்தப் பிளஸ் டூ பையனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தங்கையையும் விடவில்லை. அதற்கு முன்பு அவன் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறான். அதை வருகைப் பதிவேட்டில்தான் பார்த்திருக்க முடியும். அதன்பின் அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுக்குத் தடை அதன் பரிந்துரைகளில் ஒன்று, அகர வரிசையில் உட்காரவைப்பது இன்னொன்று. கயிற்றை அறுப்பது எளிது, சாயங்காலம் வேறு கட்டிக்கொள்வான். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை ஜூன் முதல் வாரமே முடிவு செய்ய வேண்டும், அதற்கு ஒவ்வொரு வகுப்பாசிரியரோடும் உட்கார நேரம் வேண்டும். 28 பீரியட் எடுப்பவருக்கு அந்த நேரம் ஏது?

பழைய மணி

இது நியாயம். நான் இருந்த காலத்தில் வராதவன் பட்டியலை மாதக் கடைசியில் சராசரி போடத்தான் பார்த்தேன். அப்படி ஒரு பையன் எனக்கும் உண்டு, அதை இங்கே எழுதவேண்டாம்.

ஆனாலும் எல்லா வகுப்பையும் விடச் சொல்வதை ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒரு வகுப்பாவது எடுத்தால்தான் புதுப் பாடப்புத்தகம் எங்கே இடறுகிறது என்று தெரியும். இல்லாவிட்டால் பக்கத்து அறைக்குள் போய் "சத்தம் ஏன்" என்று கேட்கிற ஆளாகிவிடுவோம்.

மானூர் டீச்சர்

ஒன்று என்றால் சரி. அது பத்தாம் வகுப்பாக இருக்கக்கூடாது. ஆறு எடுங்கள்.

கணக்கு வாத்தியார்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். மானூர் டீச்சர் திட்டுவார், பத்தை விட மனசு வரவில்லை. ஒன்பதையும் எட்டையும் அறிவியல் டீச்சர் ரெண்டு பேர் பிரித்துக்கொண்டார்கள். முதல் பீரியட் எனக்குக் காலி. வராதவர் பட்டியல் ஒன்பதரைக்கு என் மேசைக்கு வருகிறது, நானே வீட்டுக்குப் போன் போடுகிறேன். மேலாண்மைக் குழுக் கூட்டத்தை மாலை ஆறரைக்கு மாற்றிவிட்டேன். அக்கா, இது உங்களுக்காக.

லேட் விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டை அலுவலகத்திலிருந்து வாசல் வேப்பமரத்தடி நாற்காலிக்கு மாற்றினேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், ஆனால் ஒன்பதுக்கு வந்துவிடுகிறார்.

முதல் நாள் பட்டியலில் 14 பேர். ஒன்பது பேர் ஒரே ஊரில் கொடை. நாலு பேருக்குக் காய்ச்சல். ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் நம்பர் மட்டும் மூன்று நாளாக அணைத்தே கிடக்கிறது. வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நாளை மதியம் வகுப்பாசிரியையைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

சங்கத்துக்காரன்

அதற்கு ஆன் டியூட்டி எழுதிவிட்டுப் போங்கள். வண்டிக்குப் பெட்ரோல் என் கணக்கு.