வளவுக்குக் குருவி, வண்ணத்திப்பூச்சி வரட்டும் எண்டு வெளிக்கிட்டு நடந்த கதையள்: உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொக்குவில் கிணத்தடி

மாசிக் கடைசியில ரீச்சரக்காவின்ர வளவில சிரமதானம். சனசமூக நிலையப் பெடியள் 12 பேர், நாலு அலவாங்கு, ஒரு தள்ளுவண்டில். முத்தத்து இன்ரலொக் கல்லில அரைவாசியைக் கிளப்பிப்போட்டு நொச்சி, பாவட்டை, ஆடாதோடை வைக்கிற வேலை. நாட்டுச் செடி இருந்தால் குருவியும் வண்ணத்திப்பூச்சியும் வரும் எண்டுதான்.

கிணத்துக்குப் பின்னால மதிலோட ஒரு எருக்கலை நிண்டது. ஒருத்தரும் வைக்கேல்ல, தானா முளைச்சது. நாலு நாளா அதைப் பாத்துக்கொண்டு வந்தனான். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமா வரி போட்ட புழு ஏழு. ஒவ்வொண்டுக்கும் முதுகில மூண்டு சோடி கறுப்புக் கொம்பு. பெடியளுக்குச் சொல்லிவைக்க வேணும் எண்டு நினைச்சிருக்க, ரீச்சரக்கா பிளேன்ரீ ஊத்தக் கூப்பிட்டவ. போயிட்டன்.

திரும்பி வரேக்க எருக்கலை நிலத்தில கிடக்கு. அடியோட கத்தியால ஒரு வெட்டு. வெட்டுவாயில பால் ஊறி ஊறிச் சொட்டுது. புழுவளுக்கு ஒண்டும் தெரியேல்ல. கவிண்டு கிடந்த இலையில ஒண்டு விளிம்பில இருந்து நடு நரம்புவரை அரைவட்டமாத் தின்னுகொண்டு போகுது. காது குடுத்தால் சத்தம் கேக்கும் போல இருந்தது. வெட்டின பெடியனுக்குப் பதினாறு வயசு இருக்கும். முகமெல்லாம் வேர்வை. “அண்ணை, அந்த மூலையையும் துப்பரவாக்கிப்போட்டன்” எண்டு சிரிக்கிறான்.

நான் “நல்லது தம்பி” எண்டிட்டன். ஞாயிற்றுக்கிழமை நித்திரையை விட்டிட்டு வந்த பிள்ளையிட்ட வேற என்னத்தைச் சொல்லுறது? ஆனா அந்த “நல்லது” இப்பவும் தொண்டைக்குள்ள நிக்குது.

மட்டுவில்காரி

புழுவோட தப்பினியள். எனக்குச் சாரைப் பாம்பு.

மதில் கட்டக் காசில்லாமல்தான் கிளுவைத் தடியளை நட்டுக் கதியால் வேலி போட்டது, அது வேற கதை. வேலியில கொவ்வை படர்ந்து, சருகும் கூட்டாமல் விட, முதல் வருசமே புலுனிக் குருவியள் வந்து சருகைக் கிண்டத் தொடங்கிச்சினம். கூட்டமா வந்து கூட்டமாக் கத்தி, கலியாண வீடு மாதிரி. அடுத்த வருசம் சாரை. ஒரு நாள் பின்னேரம் விறகுக் கும்பிக்குப் பக்கத்தில எலியைப் பிடிச்சு வைச்சிருந்தது, எலியின்ர வால் மட்டும் வெளியில ஆடுது. நான் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டு நிக்க, பக்கத்து வீட்டு அண்ணை பொல்லோட வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்திட்டார். “தங்கச்சி தள்ளு” எண்டது மட்டும்தான் கேட்டது.

அடிச்சுப் போட்டு என்னைத்தான் பேசினவர், குப்பை வளத்து வைச்சிருக்கிறன் எண்டு. மகள் ரெண்டு நாள் அவரோட கதைக்கேல்ல. நான் கதைச்சனான். கதைக்காமல் இருக்கேலுமே, ஒரே ஒழுங்கை.

ஸ்காபரோ மாமா

தம்பி, அந்தப் புழு இங்க கனடாவில எங்கட வளவில வாற மொனாக் வண்ணத்திப்பூச்சிக்குச் சொந்தக்கார இனம்தான். இங்க அதுக்கு மில்க்வீட் எண்ட செடி, உடைச்சால் எருக்கலை மாதிரிப் பால் வரும். எங்கட தெருவில மே மாதம் விக்டோரியா டே லீவோட பனி முடிஞ்சிட்டுது எண்டு பாத்து, அயல் சனம் எல்லாம் சேர்ந்து நடுவம். வெள்ளை, சீனன், பஞ்சாபி, நாங்கள். ஆவணி புரட்டாதியில அந்தப் பூச்சி மெக்சிக்கோவுக்குப் பறக்கும். நம்பேலாது, ஒரு கடுதாசித் துண்டின்ர பாரமும் இல்லை.

இந்தப் புளுகத்தில ஊரில அண்ணாவுக்குக் காசு அனுப்பி, ஏப்ரல் மாதம் 40 கண்டு வைக்கச் சொன்னனான். “வசந்த காலத்திலதான் வைக்க வேணும்” எண்டு போனில ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தனான். அண்ணா ஒண்டும் சொல்லேல்ல, “சரி” எண்டார். வைகாசி நடுவில வீடியோ கோல் எடுத்து, போனைத் திருப்பி வளவைக் காட்டினார். 40 குச்சி. பின்னால சோளகக் காத்து ஊதுற சத்தம் மட்டும். அண்ணா அப்பவும் ஒண்டும் சொல்லேல்ல.

விதைப்பெட்டி

ஸ்காபரோ மாமா, குறை நினைக்காதேங்கோ. யாழ்ப்பாணத்தில வசந்த காலம் எண்டு ஒண்டு எங்க இருக்கு? சித்திரை வைகாசிக் காண்டாவன வெயிலுக்கு முன்னால கண்டு வைச்சால் கிணறு வத்தும், கண்டும் சாகும். கார்த்திகையை மரநடுகை மாதம் எண்டு சும்மா சொல்லேல்ல. ஐப்பசி மழை ரெண்டு விழுந்து மண் இளகினாப் பிறகு வையுங்கோ, மார்கழி முடிய முதல் வேர் பிடிச்சிடும். பங்குனி சித்திரையில செய்ய வேண்டியது நடுகை இல்லை. விதை பொறுக்கிறது, சருகால மண்ணுக்கு மூடாக்குப் போடுறது, பறவைக்குத் தண்ணி வைக்கிறது. வேப்பம்பழம், நாவற்பழம் விழத் தொடங்கினால் விதையைக் காய வைச்சு மாதக்கணக்கில பெட்டிக்குள்ள பூட்டாதேங்கோ, முளைக்காது. உடன போடுங்கோ. (என்ர பேரைப் பாத்துச் சிரிக்க வேண்டாம்.)

அடுத்தது, கதியால் எண்டவுடன எல்லாரும் சீமைக்கிளுவையை வெட்டிக்கொண்டு வருகினம். அது மத்திய அமெரிக்காச் சாமான். ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குப் பசளை, அந்த அளவில நல்லது. நாட்டு மரம் எண்டு பேர் எழுதி நடாதேங்கோ. கிளுவை, பூவரசு, முள்முருக்கு இருக்குதே. முள்முருக்குப் பூத்தால் தேன்சிட்டும் மைனாவும் படுற சண்டையைப் பாக்கவேணும். உண்ணிப்பூவில வண்ணத்திப்பூச்சி மொய்க்குது எண்டு ஒருத்தர் போன மாதம் படம் போட்டிருந்தார். மொய்க்கும்தான், தேன் குடிக்க. முட்டை வைக்க அதுக்குத் தன்ர செடி வேணும். கறிவேப்பிலை, எலுமிச்சை, எருக்கலை, நிலத்தில படர்ற ஆடுதின்னாப்பாளை. கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருந்தால் மருந்தடிக்காதேங்கோ. ரெண்டு கிளை போனால் என்ன, ரசத்துக்கு மிஞ்சினது காணும்.

பனைக்குக் காவோலை முழுக்க வெட்டி மொட்டையடிக்கிறதையும் நிப்பாட்டுங்கோ. தொங்குற ஓலையின்ர அடிப்பக்கத்தில உழவாரக் குருவி எச்சிலால இறகை ஒட்டிக் கூடு வைக்கும். வீட்டுக் கூரைக்கு மேல விழுற ஓலையை மட்டும் எடுங்கோ.

என்ர கதை கேட்டால், அப்பிடி ஒரு ஓலையை நானே வெட்டி விழுத்தினனான். கூட்டோட. ரெண்டு குஞ்சு, கண் திறக்கேல்ல. அவ்வளவுதான்.

பின்வளவு

மட்டுவில் அக்கா, அந்த அண்ணையையும் கொஞ்சம் யோசியுங்கோ. எங்கட பின்வளவு 11 வருசமா ஆளில்லை, சொந்தக்காரர் பிரான்சில. அதுவும் ஒருத்தரும் கூட்டாத, மருந்தடிக்காத வளவுதான். முழுக்கப் பார்த்தீனியக் களையும் உண்ணிப்பூப் பத்தையும். வெறுங்கையால பார்த்தீனியம் பிடுங்கி எனக்கு முழங்கைவரைக்கும் கடி, ஒரு மாதம் சொறிஞ்சன்.

போன மார்கழி இரவு கக்கூசுக்குப் போகேக்க, குக்கர் ஆவி விடுற மாதிரி ஒரு சத்தம். ரோச்சை அடிச்சால் படியில நஞ்சுள்ள புடையன் பாம்பு, சுருண்டு, தடிச்சு. நான் பத்து நிமிசம் அசையேல்ல. அதுக்குப் பிறகு சாரையும் புடையனும் எனக்கு ஒண்டுதான். விதைப்பெட்டி அண்ணை, வீட்டுச் சுவரில இருந்து எத்தினை அடிக்குச் சருகு இருக்கக்கூடாது எண்டு அதையும் சொல்லுங்கோவன். வடிவான விசயம் மட்டும் சொல்லாமல்.

விதைப்பெட்டி

கேட்டது நியாயம். அடிக்கணக்குச் சொல்ல நான் ஆளில்லை. நான் வாசல், கிணத்தடி, கக்கூசுப் பாதை மூண்டையும் தினம் கூட்டுறன், விறகும் கல்லும் சுவரோட அடுக்கிறேல்ல. இரவில ரோச் இல்லாமல் இறங்கிறேல்ல. ஆனா சாரையும் புடையனும் ஒண்டில்லை தம்பி. சாரைக்கு நஞ்சில்லை, எலியைத் தின்னும். எலி இருக்கிற இடத்துக்குத்தான் புடையனும் வரும்.

நாச்சிமார் கோயிலடி

விதைப்பெட்டி அண்ணை பறவைக்குத் தண்ணி வைக்கச் சொல்லுறியள். வைச்சனான். மண்சட்டி, பூவரசுக்குக் கீழ. புலுனி ஏழெட்டு ஒண்டா இறங்கிக் குளிக்கிறதை நாள் முழுக்கப் பாக்கலாம். டெங்கு பாக்க வந்தவர் குனிஞ்சு போன் வெளிச்சத்தைச் சட்டிக்குள்ள அடிச்சார். நெளிஞ்சு நெளிஞ்சு நுளம்புக் குடம்பி. அவர் என்னைப் பேசக்கூட இல்லை, “அக்கா, நீங்களே பாருங்கோ” எண்டார். முந்தின மாரியில இதே ஒழுங்கையில சின்னப் பிள்ளை ஒண்டு டெங்கில ஆஸ்பத்திரியில கிடந்தது. சோளகம் தொடங்கினதில இருந்து மூண்டு நாள் தண்ணி மாத்த மறந்துபோனன். மூண்டோ நாலோ, சரியாச் சொல்லத் தெரியேல்ல.

இப்ப விடிய ஊத்தி, பொழுதுபடக் கவிழ்த்து விடுறன்.

அலவாங்கு

கொக்குவில் அண்ணை, உங்கட வளவில இல்லை, ஆனா நானும் வெட்டினவன்தான். போன வருசம் வேற ஒரு வளவில, ஏதோ கொடியை. “பத்தையை எடுங்கோ” எண்டுதான் சொன்னவை, எது பத்தை எண்டு ஒருத்தரும் காட்டேல்ல. வெட்டி முடியத்தான் வளவுக்கார ஐயா வந்து அதில கையை வைச்சுக்கொண்டு நிண்டார், ஒண்டும் கதைக்கேல்ல. எனக்கு எருக்கலை எண்டால் அம்மம்மா சொல்லித் தந்தது ஒண்டுதான், பால் கண்ணில பட்டால் பார்வை போகும். பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் புழுக் கதை சொல்லேல்ல. வெட்டக்கூடாததில ஒரு சிவப்புத் துணியைக் கட்டி விடுங்கோ, நாங்கள் கிட்டவும் போகமாட்டம். “நல்லது தம்பி” எண்டு சொல்லிப்போட்டு இஞ்ச வந்து எழுதாதேங்கோ.

கொக்குவில் கிணத்தடி

சரி, வாங்கிக்கட்டியாச்சு.

புழுவள் ஏழையும் கிளையோட வாளிக்குள்ள வைச்சு வீட்டை கொண்டுவந்தனான். ரயில் பாதையோர எருக்கலையில இலை புடுங்கிப் போட்டன். மூண்டு செத்துப்போச்சு. நாலு கூட்டுப்புழுவாச்சுது, ஒண்டு வாளிப் பிடியிலயே தொங்கினது, பச்சை நிறம், பொன் பொட்டு வைச்ச மாதிரி. அதால வாளியை ஒரு கிழமை ஒருத்தரும் தொடேல்ல, அம்மா பெயின்ற் வாளியில தண்ணி அள்ளினவ, என்னைப் பேசிப் பேசி.

ரீச்சரக்காவின்ர மதிலடியில வெட்டின கட்டையில ரெண்டு குருத்து வந்திருக்கு. நேற்றுச் சிவப்புத் துணி தேடினன், கிடைக்கேல்ல. பழைய பள்ளிக்கூட ரையைக் கட்டிவிட்டிட்டு வந்திருக்கிறன். பாவட்டைக் கண்டு மிச்சம் ஆறு இருக்கு, ஐப்பசிவரைக்கும் நிழலில வைச்சுப் பாக்கக்கூடிய ஆக்கள் ஆரும் இருந்தால் வந்து எடுங்கோ.