உங்கள் தெருவில் நடைபாதை வேலை எப்போது வந்தது, பணம் எப்போது வந்தது?

பல வருடம் கேட்டுக் கேட்டு வாங்கிய நடைபாதை எங்கள் தெருவில் நான்கு மாதம்தான் முழுசாக இருந்தது. நல்ல பேவர் பிளாக், நேரான ஓரக்கல், சாலையைக் கடக்கும் இடத்தில் சரிவு. ஊன்றுகோலோடு நடக்கும் அப்பா, அதுவரை யாராவது துணைக்கு வந்தால்தான் வெளியே போவார், அந்த நான்கு மாதமும் தினமும் தனியாகத் தெருமுனை வரை போய்வந்தார். ஐந்தாவது மாதம் கழிவுநீர்க் குழாய் மாற்ற வந்தார்கள். தோண்டினார்கள், குழாயை இறக்கினார்கள், மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மூடி அதே கற்களை மேலே அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அடுக்கடுக்காகத் தட்டி இறுக்காத மண் முதல் மழைக்கே இறங்கும். இறங்கியது. அப்பா அதில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நடைபாதைக்கு வந்தது மானியம், அந்த நிதியாண்டு முடிவதற்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். குழாய்க்கான பணம் வேறு துறையில் வேறு திட்டத்தில், அடுத்த ஆண்டுதான் கைக்கு வந்தது. குழாய் மாற்ற வேண்டியிருக்கிறது என்பது இரண்டு பக்கமும் தெரியும். “வந்த பணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் உங்கள் தெருவுக்கு இன்னும் எத்தனை வருடத்துக்கு நடைபாதையே வந்திருக்காது” என்றார் அந்தப் பொறியாளர். அவர் சொன்னது பொய் இல்லை, அதனால்தான் எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

யாராவது இதை முன்கூட்டியே தடுத்திருக்கிறீர்களா? எந்தக் கட்டத்தில் போய்க் கேட்டீர்கள்?

* * *

அப்பாவுக்கு இப்போது கை எப்படி இருக்கிறது?

தெருக்களுக்கு வரைபடம் போடும் வேலையில் நீண்ட நாள் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். பட்ஜெட்டில் தெருவின் பெயர் வந்ததும் அடுத்த மாதமே ஆள் வந்து இறங்கும் என்று நினைக்கிறோம். அதற்கப்புறம் அளவீடு, வரைபடம், மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று வரிசையாக இருக்கிறது; ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். ஆனால் பணத்துக்குக் கெடு மாறாது. கெடு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது சோதனைக்குழி, அதாவது இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோண்டி எந்தக் குழாய் எந்த ஆழத்தில் போகிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது. அதை விட்டுவிட்டால் பழைய வரைபடத்தை நம்பித்தான் வேலை நடக்கும், பழைய வரைபடம் பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

நீங்கள் போக வேண்டிய நேரம் மதிப்பீடு தயாராகும் முன்பு. டெண்டர் விட்டபின் போனால் செடித்தொட்டியை இந்தப் பக்கம் நகர்த்தலாம், அவ்வளவுதான். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: குடிநீர், கழிவுநீர், மின்சாரம், கேபிள், இவற்றில் யாருக்கு அடுத்த ஐந்து ஆண்டுக்குள் இந்தத் தெருவில் வேலை இருக்கிறது? அதை எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் புதிதாகப் போட்ட சாலையை ஐந்து ஆண்டுக்கு வெட்டக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். திடீரென்று குழாய் வெடித்தால் அதற்கு விலக்கு உண்டு, உண்டுதானே ஆக வேண்டும். ஆனால் அப்படி ஒரு விதி இருந்தால் மற்ற துறைகள் சாலை போடும் முன்பே தங்கள் வேலையை முடிக்க ஓடிவருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கட்டப் பணம் கிடைக்கிறது, பராமரிக்கக் கிடைப்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1970-களில் மத்திய அரசின் பணம் வந்தபோது, மரவேர் தூக்கிய நடைபாதைகளைத் தானே சரிசெய்வதாகப் பொறுப்பேற்றது. பணம் சில வருடத்தில் நின்றது, பொறுப்பு நிற்கவில்லை, உடைசல் குவிந்துகொண்டே போனது. கடைசியில் மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்கில்தான் 30 ஆண்டுகளில் சுமார் 140 கோடி டாலர் செலவிடுவதாக நகரம் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவிலேயே இன்னொரு நகரமான டென்வரில் அவரவர் வீட்டு முன் நடைபாதையை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஒரு வீட்டு முன் நல்ல தளம், அடுத்த வீட்டு முன் உடைந்த தளம், அதற்கடுத்து ஒன்றுமே இல்லை என்றால் அதில் யார் நடப்பது? 2022-இல் மக்களே வாக்களித்து எல்லோரிடமும் ஒரு கட்டணம் வாங்கி நகரமே செய்யட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆண்டுதோறும் வரும் பணம் என்றால் கெடுவுக்குப் பயந்து அவசரப்பட வேண்டியதில்லை, எனக்கு அதுதான் சரியான வழியாகப் படுகிறது.

* * *

நான் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்கு வருட வியாபாரமே பள்ளி திறப்பதற்கு முந்தைய ஐந்தாறு வாரம்தான். முதல் தடவை சரியாக அந்த வாரங்களில் கடைவாசலைத் தோண்டிப் போட்டார்கள், ஒரு பலகை கூடப் போடவில்லை, குழந்தையோடு வருபவர்கள் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டாம் கட்டம் வருகிறது என்று தெரிந்ததும் இருபது கடைக்காரர்கள் சேர்ந்து, யாருக்கு எந்த மாதம் வியாபாரம் அதிகம் என்று ஒரு தாளில் எழுதி, டெண்டருக்கு முன்பே கொடுத்துவிட்டோம். வேலை வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தத் தடவை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள்: ஒரு பக்கம் முடிந்தபின்தான் மறுபக்கம், ஒவ்வொரு கடைக்கும் கைப்பிடியோடு தற்காலிக வழி. கான்கிரீட் போட்ட இடத்தில் இரண்டு நாள் கழித்து நடக்க விட்டார்கள், சரக்கு வண்டி ஏற ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்தோம்.

* * *

எனக்குப் பார்வை இல்லை. தடம் காட்டும் ஓடுகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கோடு போட்ட ஓடு என்றால் இப்படியே நட, புள்ளி ஓடு என்றால் நில். 1967-இல் ஜப்பானில் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள், இன்று உலகம் முழுக்க இருக்கிறது. எங்கள் தெருவில் பதித்த கோடு ஓடு நேராக ஒரு விளக்குக் கம்பத்தில் போய் முடிந்தது. முதல் நாள் நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், ஒப்பந்ததாரருக்கு இறுதி பில் போகும் முன்பே போய்ச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த வாரமே என்னோடு ஒரு நண்பர் நடந்து, தப்பான இடங்களையெல்லாம் படம் எடுத்து மனு கொடுத்தோம். பில் இன்னும் நிலுவையில் இருந்ததால் பத்து நாளில் ஓடுகளைப் பெயர்த்துக் கம்பத்தைச் சுற்றித் திருப்பிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் அதே தப்பு, அங்கே பணம் கொடுத்து முடித்துவிட்டார்கள், இன்னும் அப்படியே இருக்கிறது. பணம் முழுசாகப் போயிருந்தாலும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு, அதற்குள் உடைந்தால் அவர்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். அது எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் கை கூடிவிட்டது, ஆனால் வெளியே போகப் பயப்படுகிறார், வாசல் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்புகிறார். நீங்கள் சொன்ன குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தை இன்று விசாரித்தேன். குழாய் வேலைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. இறங்கிய இடங்களை அளந்து படத்தோடு மனு எழுதிவிட்டேன், மண்ணை அடியிலிருந்து திரும்ப எடுத்து இறுக்க வேண்டும், மேலே கல்லை மட்டும் மாற்றினால் போதாது என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். அடுத்த தெருவுக்கு இப்போதுதான் அளவெடுக்கிறார்கள் என்றும் அங்கே சொன்னார்கள். அந்த ஐந்து ஆண்டுக் கேள்வியை அந்தத் தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி நாளைக் காலையில் கொடுக்கப் போகிறோம்.