பிராக்ஸ்மாக்ஸா, ஹைப்பர்-வியா? டோக்கனால் முடிவெடுக்க முடியவில்லை

ராயபுரத்தில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். டெல் டி440, 64 ஜிபி ரேம், ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இஎஸ்எக்ஸ்ஐ 7. அந்த மென்பொருளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத சர்வரில் அடுத்தவர்களின் சரக்கு ஆவணங்களை வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே ஓடும் மெய்நிகர் கணினிகளில் விண்டோஸ் இரண்டு, லினக்ஸ் ஒன்று.

இஎஸ்எக்ஸ்ஐக்கு மாற்றாகப் பிராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி இரண்டையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகத் தனி வட்டில் சோதித்துவருகிறேன். பிராக்ஸ்மாக்ஸ் 8-க்கு லினக்ஸ் சிக்கலின்றி வந்தது. விண்டோஸ் நீலத் திரையில் நின்றது. மெய்நிகர் வட்டின் இணைப்பு வகையைச் சாட்டா என்று மாற்றியதும் எழுந்தது, ஆனால் கணக்கு மென்பொருளில் ஒரு பில்லைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது. இன்னும் வேகமான இணைப்பு வகையான விர்ட்ஐஓவின் டிரைவரை நிறுவினேன். சிறிய வட்டு ஒன்றை விர்ட்ஐஓவில் சேர்த்துத் துவக்கியும் பார்த்தேன். மறுபடி அதே நீலத் திரை.

ஹைப்பர்-வியில் வேகம் நன்றாக இருந்தது. கையிலுள்ள விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமமே இரண்டு விண்டோஸுக்கும் போதும். ஆனால் யூஎஸ்பியை நேரடியாக மெய்நிகர் கணினிக்குள் கொடுக்க அதில் வழியில்லை. சர்வரின் பின்புறம் சிவப்பு விளக்கோடு செருகியிருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்தான் இந்த அலுவலகத்தின் உயிர். அது வேலை செய்யாவிட்டால் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்க அறிவிப்பு) தாக்கலாகாது, கண்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும்.

யூஎஸ்பியை நெட்வொர்க் வழியே பகிரும் கருவியை வைத்து, கையொப்ப டோக்கனை ஹைப்பர்-வியில் அன்றாடம் தடையின்றிப் பயன்படுத்துபவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?